மூணு பேர்ல ரெண்டாவது

நேத்து ராத்திரி எங்க ட்ரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூணும் ஒரே போட்டியில) குரூப்புல நடந்த கூத்தைப் பார்த்தவங்களுக்கு நான் எதைப் பத்திப் பேசுறேன்னு தெரியும். தெரியாதவங்களுக்கு: எங்க கூடப் பயிற்சி பண்ற டீச்சர் அக்கா ஒருத்தர் கோவா அயர்ன்மேன் 70.3ல, அதாவது முழு அயர்ன்மேன்ல பாதி தூரம், தன் வயசுப் பிரிவுல ரெண்டாவதா வந்து, பிரான்ஸ்ல நீஸ் நகரத்துல 2026 உலக சாம்பியன்ஷிப்புக்கு இடம் வாங்கியிருக்காங்க. பார்க்காதவங்க இன்பாக்ஸ்ல ஸ்க்ரீன்ஷாட் கேக்காதீங்க. அதுல அக்கா பேர் இருக்கு. அந்தப் பேர் இன்னும் நாலு போன்ல சுத்த வேண்டாம்.

"அந்த வயசுப் பிரிவுல மொத்தமே மூணு பேர். முதல்ல வந்தவங்க வேண்டாம்னுட்டாங்க, ரெண்டாவதுக்கு இடம் உருண்டு வந்துருச்சு. இது உலக சாம்பியன்ஷிப்பா, ரேஷன் கடை க்யூவா?" இதான் குரூப்புல ஒரு சார் போட்டது, அவரும் அதே கோவா போட்டியில ஓடினவர்தான். பக்கத்துல கண்ணுல தண்ணி வர்ற சிரிப்புப் பொம்மை வேற. கீழ வரிசையா கட்டைவிரல். அதுல ரெண்டு பேர் லாங் ரைடு முடிச்சு அக்கா வீட்டுத் திண்ணைல உக்காந்து வெண்பொங்கல் தின்னவங்க. நல்லா இருங்க.

ஆள் கம்மியா இருந்தது அக்கா குத்தமில்லை. இதை நான் இந்தப் பதிவுல பல தடவை சொல்லப் போறேன். எரிச்சலா இருந்தா ஸ்க்ரோல் பண்ணிப் போயிடுங்க.

கோவாவுல அவங்க பண்ணது என்ன? 1.9 கிலோமீட்டர் கடல்ல நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், அப்புறம் 21.1 கிலோமீட்டர் ஓட்டம். எல்லாம் எட்டரை மணி நேரத்துக்குள்ள. பிரிவுல மூணு பேர்தான்னு பார்த்துக் கடல் ஒண்ணரை கிலோமீட்டரா சுருங்கலை. வெயிலும் பரவாயில்லை, நீங்க மூணு பேர்தானேன்னு மேகத்துக்குப் பின்னாடி போகலை. சாருக்கு என்ன தூரமோ அதே தூரம், அதே உப்புத் தண்ணி, அதே கட்-ஆஃப். சாரை விட அவங்களுக்குப் பத்து வயசு கூட. அது மட்டும்தான் வித்தியாசம்.

ஆள் கம்மியா இருந்தா ஜெயிச்சது செல்லாதுன்னா இந்த விளையாட்டே செல்லாது சார். 1978 பிப்ரவரி 18, ஹவாய், ஓவாஹு தீவு. முதல் அயர்ன்மேன்ல கிளம்பினது 15 பேர், முடிச்சது 12 பேர். எல்லாம் ஆண்கள். முதல்ல வந்த கார்டன் ஹாலர் எடுத்துக்கிட்ட நேரம் 11 மணி 46 நிமிஷம். பதினஞ்சு பேர்ல முதலாவது! நம்ம ஊர் பொங்கல் ஓட்டப் பந்தயத்துல கூட அதை விடக் கூட்டம் நிக்கும். அவரைப் போய் யாராவது ரேஷன் கடைன்னு கேட்டாங்களா? அடுத்த வருஷம் 1979ல லின் லமேர்னு ஒரு பொண்ணு. அன்னைக்கும் கிளம்பினது 15 பேர்தான், அதுல பெண் அவங்க ஒருத்தர் மட்டும். அவங்க பிரிவுல மொத்தமே ஒருத்தர் சார், மூணு கூடக் கிடையாது. ஆண்களோட சேர்த்து அஞ்சாவதா வந்தாங்க. உங்க கணக்குப்படி அது போட்டியே இல்லை, தனியா நடந்து போனது.

விதி என்ன சொல்லுதுன்னு தெரியாதவங்களுக்காக. 2026 உலக சாம்பியன்ஷிப்களுக்குப் புது முறை கொண்டுவந்திருக்காங்க. ஒவ்வொரு வயசுப் பிரிவுலயும் முதல்ல வந்தவருக்கு நேரடியா ஒரு இடம். அவர் வேண்டாம்னா ரெண்டாவது ஆளுக்கு, அவரும் வேண்டாம்னா மூணாவது ஆளுக்கு. மூணு பேருமே வேண்டாம்னா அந்த இடம் பொதுப் பட்டியலுக்குப் போகும். அந்தப் பட்டியல்ல எல்லார் நேரத்தையும் வயசுக்கும் ஆண் பெண்ணுக்கும் ஏத்த மாதிரி கணக்குப் போட்டு வரிசைப்படுத்துவாங்க.

இப்ப நிதானமா யோசிங்க. அக்காவும் வேண்டாம்னு சொல்லி, மூணாவதா வந்த அந்தம்மாவும் வேண்டாம்னு சொல்லியிருந்தா, அந்த இடம் பட்டியல்ல அடுத்து நின்னவருக்குப் போயிருக்கும். அடுத்து நின்னவர் யாருன்னு குரூப்புல எல்லாருக்குமே தெரியும். நான் வேற எதுவும் சொல்லலை.

சார் பக்கம் நியாயமே இல்லையான்னு கேப்பீங்க. இருக்கு. சார் ஓடின 40-44 ஆண்கள் பிரிவு நெரிசலான பிரிவு. வேலைல ஒரு நிலைக்கு வந்து, கையில கொஞ்சம் காசு சேர்ந்து, முட்டியும் இன்னும் தேயாத வயசு அது. எல்லாரும் அங்கதான் நிக்கிறாங்க. கொஞ்ச நிமிஷத்துல விட்டது வலிக்கத்தான் செய்யும், ஒத்துக்கிறேன். ஆனா அந்த வலியை யார் மேல கொட்டுறோம்னு ஒண்ணு இருக்கே. உங்க பிரிவுல உங்களுக்கு முன்னாடி ஓடின ஆம்பளைங்க எத்தனை பேர்! அதுல ஒருத்தரைப் பத்தியாவது எழுதினீங்களா?

இன்னொரு தம்பி ரொம்ப மரியாதையா என்கிட்ட, "அக்கா, நான் பொதுவாத்தான் கேக்குறேன், வேகம்தானே தகுதி? தரம் குறையுதுல்ல?"ன்னு கேட்டிருக்கார். பொதுவாவே பதில் சொல்றேன் தம்பி. தரம்னா என்ன? 2015 வரைக்கும் கோனாவுக்கு, அதான் ஹவாயில நடக்கிற முழு அயர்ன்மேன் உலக சாம்பியன்ஷிப்புக்கு, குலுக்கல்ல இடம் கொடுத்தாங்க. பணம் கட்டிப் பேர் கொடுக்கணும், குலுக்குவாங்க, விழுந்தா போகலாம். அமெரிக்க அரசு வழக்கறிஞர் அலுவலகம் இது சட்டவிரோத லாட்டரின்னு பிடிச்சு, கிட்டத்தட்ட 28 லட்சம் டாலரை அந்தக் கம்பெனி ஒப்படைக்க வேண்டியதாச்சு. அப்புறம் தான் நிறுத்தினாங்க. பன்னெண்டு முழு அயர்ன்மேன் முடிச்சவங்களுக்கு லெகஸின்னு ஒரு வழி வேற வச்சிருந்தாங்க. இத்தனை பக்கவாசல் இருந்தப்பல்லாம் குறையாத தரம், கும்பகோணத்துப் பக்கம் ஒரு டீச்சர் விதிப்படி ரெண்டாவதா வந்ததும் குறைஞ்சு போச்சாக்கும்.

பெண்களுக்குச் சலுகையாம். அடேங்கப்பா. 2015 வாக்குல கோனாவுல தொழில்முறை ஆண்களுக்கு 50 இடம், பெண்களுக்கு 35. அதைச் சரிசமமாக்கச் சொல்லி வீராங்கனைகளே இயக்கம் நடத்த வேண்டியிருந்துது. அந்த முழு தூரப் போட்டிக்கு ஆள் பெருகிப் போய், 2023லேர்ந்து ஆண்களை ஒரு ஊர்லயும் பெண்களை ஒரு ஊர்லயுமா நீஸுக்கும் கோனாவுக்கும் பிரிச்சாங்க. அந்த மூணு வருஷம் பெண்களுக்குன்னு முழுசா ஒரு நாள் இருந்துது. 2026ல திரும்பவும் எல்லாரும் ஒரே நாள், கோனா. இந்தப் புதுப் பட்டியல் முறை வந்த முதல் சில போட்டிகள்லயே பட்டியல் இடம் பெரும்பாலும் ஆண்களுக்குத்தான் போச்சு. சலுகை எந்தப் பக்கம் ஓடுதுன்னு நீங்களே பாத்துக்குங்க.

சரி, பிரிவுல ஏன் மூணே பேர்? இதை ஒருத்தராவது கேட்டீங்களா?

அக்கா அரசலாத்தங்கரைல பொறந்தவங்க. நடக்கக் கத்துக்கிட்ட சூட்டோட நீச்சலும் வந்துருச்சுன்னு அவங்க அம்மா சொல்லுவாங்க. ஆடிப்பெருக்குக்கு எல்லாரும் கரைல காப்பரிசியோட நின்னா, இவங்க மதகு மேலேர்ந்து குதிச்சிட்டிருப்பாங்களாம். அப்புறம் வயசுக்கு வந்தாங்க. அன்னையோட படித்துறைக்கு அந்தப் பக்கம் போகக்கூடாது. தண்ணி அதே தண்ணி, படி அதே படி. அண்ணன் தம்பிங்க தினம் குதிக்கிறாங்க, இவங்க துணி அலசிட்டு வந்துரணும். திரும்ப ஆத்துல முழுசா இறங்கினப்ப அக்காவுக்கு நாப்பது தாண்டியிருந்துது. அன்னைக்குக் கரைல நின்ன ஒரு பெரியவர் என்ன சொன்னார்னு இங்க எழுத முடியாது.

அதுவும் வருஷம் பூரா முடியுமா? மேட்டூரை ஜூன் 12 திறந்தாதான், கல்லணை தாண்டி எங்க பக்கம் தண்ணி எட்டிப் பார்க்க இன்னும் சில நாள். ஜனவரி 28க்கு அணையை மூடிட்டா கொஞ்ச நாள்ல வெறும் மணல். கொள்ளிடத்துல மணல் அள்ளின பள்ளம் எங்க இருக்குன்னு யாருக்கும் தெரியாது, அதனால அங்க இறங்கவே மாட்டோம். அப்புறம் தரங்கம்பாடிதான். மீனவ அண்ணன் ஒருத்தர் டீசல் காசு மட்டும் வாங்கிட்டு பைபர் படகைக் கூடவே ஓட்டிட்டு வருவார். "டீச்சர், சொறி மீன் நிறைய கெடக்கு, இன்னைக்கு வேணாம்"னு அவர் சொன்னா வேணாம்தான். எந்த கோச்சும் எனக்கு அவ்வளவு உருப்படியா எதுவும் சொன்னதில்லை.

சைக்கிள் இன்னொரு கதை. அறுவடை நேரத்துல பாதி ரோடு நெல் காயுது. நான் அதைக் குறை சொல்ல மாட்டேன், கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் பார்த்துத் திருப்பி அனுப்பினா அவங்களும் எங்கதான் போவாங்க. ஆனா வைக்கோல் பின் சக்கரப் பல்லுல சுத்திக்கிட்டா, விடியக்காலை இருட்டுல ரெண்டு பொம்பளைங்க ரோட்டோரமா உக்காந்து கத்திரிக்கோல் வச்சு அதை எடுத்துக்கிட்டு இருப்போம். வண்டியை நிறுத்தி "என்னாம்மா, வீட்ல சொல்லிட்டுத்தான் வந்தீங்களா"ன்னு கேக்காம போற ஆள் அபூர்வம். சாரும் அதே ரோட்டுலதான் ஓட்டுறார். அவரை யாராவது வீட்ல சொல்லிட்டு வந்தீங்களான்னு கேட்டிருக்காங்களா?

இத்தனையும் தாண்டி அந்த வயசுல கோவா தொடக்கக் கோட்டுக்கு வந்து சேர்ந்தது மூணு பேர். மூணு பேர்தான்னு நீங்க சிரிக்கிறீங்க. மூணு பேராவது வந்தாங்களேன்னு நான் பார்க்கிறேன். ஆள் கம்மியா இருந்தது அக்கா குத்தமில்லை. குத்தம் யாருதுன்னு தேடினா கொஞ்சம் நம்ம வீட்டுக்குள்ளயும் தேடணும்.

காசு விஷயம். "இதெல்லாம் பணக்கார விளையாட்டு"ன்னு இன்னொருத்தர். ஆமாங்க, உண்மைதான். பதிவுக் கட்டணமே ஒரு குடும்பத்தோட ரெண்டு மாச மளிகை. கோனான்னா பதிவுக்கு மட்டுமே ஆயிரம் டாலருக்கு மேல. இதுக்கு என்கிட்ட நல்ல பதில் இல்லை. ஆனா இதைச் சொல்றவர் கையில கட்டியிருக்கிற வாட்ச் விலைல அக்காவோட சைக்கிளையே வாங்கிடலாம். அவங்க ஜி.பி.எஃப்ல முன்பணம் எடுத்துத்தான் கோவா போனாங்க. ஜி.பி.எஃப்ல எடுத்து வீட்டுக்கு மாடி கட்டினா பாராட்டுறீங்க, மக கல்யாணத்துக்கு எடுத்தா வாழ்த்துறீங்க. தனக்குன்னு எடுத்தா மட்டும் பணக்காரி.

நான் ஏன் இவ்வளவு கொதிக்கிறேன்னு எங்க வீட்டுக்காரரே கேட்டார். அக்காவே சும்மா இருக்காங்க, உனக்கு என்னன்னு. எனக்கு என்னன்னா, இதே சார் ஒரு போட்டிக்கு முந்தின நாள், நம்பர் அட்டை வாங்குற வரிசைல, என்கிட்ட சிரிச்ச முகமா "நீங்க யாரோட வொய்ஃப்?"னு கேட்டவர். நான் என் நம்பர் அட்டையைக் காட்டினேன். "ஓ, நீங்களும் ஓடுறீங்களா, குட் குட்"னார். அந்த ரெண்டு குட்டும் எனக்கு இன்னும் செரிக்கலை. அன்னைக்குச் சிரிச்சுட்டு வந்துட்டேன். இன்னைக்கு எழுதுறேன். ரெண்டையும் முடிச்சுப் போடாதேன்னு சொல்லுவீங்க. நான் போடுவேன்.

அப்புறம் ஒரு அறிவாளி: "அங்க போய் கடைசியாத்தான் வருவாங்க." வரட்டுமே! நீஸ்ல 2019ல இதே 70.3 சாம்பியன்ஷிப் நடந்தப்ப சைக்கிள் பாதை கோல் டி வான்ஸ்ங்கிற மலை ஏறிப் போச்சு. எங்க டெல்டாவுல ஏத்தம்னு இருக்கிறது கொள்ளிடம் பாலமும் ரயில்வே மேம்பாலமும்தான். அதனால இப்ப அக்கா ஞாயித்துக்கிழமை காலைல ஒரே மேம்பாலத்துல ஏறி இறங்கி, ஏறி இறங்கி, டீக்கடைக்காரர் கவலைப்பட்டு வந்து விசாரிக்கிற வரைக்கும் ஓட்டுறாங்க. அடுத்த கட்டமா ஏற்காடு இல்ல கொல்லிமலை போய் ரெண்டு நாள் ஓட்டலாம்னு திட்டம். கடைசியா வந்தாலும் அது உலக சாம்பியன்ஷிப்ல கடைசி. குரூப்புல கமெண்ட் போடுறதுல முதலாவது வர்றதை விட எனக்கு அது போதும்.

"அட்மின் கிட்ட சொல்லித் தீர்த்திருக்கலாமே, எதுக்கு முகநூல்ல?" சொன்னேன். "ஜாலியா எடுத்துக்குங்க மேடம்"னு வந்துது பதில். எடுத்துக்கிட்டேன், இங்க வச்சு எடுத்துக்கிட்டேன்.

வாழ்த்து எதுவும் வேண்டாம். உருப்படியா மூணு விஷயம் தேவைப்படுது. ஒண்ணு, விமானத்துல கொண்டு போற மாதிரி கெட்டி ஓடு போட்ட சைக்கிள் பெட்டி யார்கிட்டயாவது இருந்தா செப்டம்பர்ல ரெண்டு வாரத்துக்கு வாடகைக்குக் கொடுங்க, திருச்சி தஞ்சாவூர்னா நானே வந்து எடுத்துக்கிறேன். ரெண்டு, அரசு ஊழியர் வெளிநாடு போறதுக்குத் துறைத் தடையின்மைச் சான்று சமீபத்துல வாங்கினவங்க, எந்தப் படிவம், எத்தனை நாள் ஆச்சுன்னு சொல்லுங்க. மூணு, மலைல டிஸ்க் பிரேக் இல்லாத பழைய சைக்கிள்ல இறங்கி அனுபவம் இருக்கிறவங்க, பிரேக் கட்டை எது நல்லதுன்னு கமெண்ட்ல எழுதுங்க. சாருக்குத் தெரிஞ்சிருந்தா சாரும் எழுதலாம், அந்த விஷயத்துல அவர் கெட்டிக்காரர்.