உளவியலைத் தொடங்கியவர் ஃபிராய்டு அல்ல

"உளவியல் என்ற துறையையே ஃபிராய்டுதான் உருவாக்கினார்" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், ஆனால் அது சரியில்லை.

ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் வில்ஹெல்ம் வுண்ட் உளவியலுக்கென ஆய்வுக்கூடம் தொடங்கியது 1879-ல். அப்போது ஃபிராய்டு வியன்னாவில் 23 வயது மருத்துவ மாணவர். கனவுகள் பற்றிய அவருடைய நூல் வந்தது அதற்கு இருபது ஆண்டு கழித்து.

வுண்ட் கூடத்தில் என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒரு சத்தம் கேட்டதும் விசையை அழுத்த வேண்டும். இடைப்பட்ட நேரத்தை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை கருவி அளக்கும். மனதின் வேலைக்கும் நேரம் பிடிக்கிறது, அதை அளக்கலாம் என்பது அன்று பெரிய விஷயம். அதற்கும் முன்பே 1850-ல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மன் அறிவியலாளர் தவளையின் நரம்பில் செய்தி ஓடும் வேகத்தை அளந்துவிட்டார்: நொடிக்குச் சுமார் 30 மீட்டர்தான். 1860-ல் ஃபெக்னர் என்ற இன்னொரு ஜெர்மன் அறிஞர், தூண்டலுக்கும் (ஒளி, ஒலி போன்றவை) அதை நாம் உணர்வதற்கும் உள்ள உறவைக் கணக்காக எழுதினார். (அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1875 வாக்கிலேயே சிறிய கூடம் வைத்திருந்தார், ஆனால் அது பெரும்பாலும் பாடம் நடத்தத்தான்.)

நம் நாட்டுக்கும் இந்த வழியில்தான் துறை வந்தது. 1916-ல் கல்கத்தா பல்கலைக்கழக உளவியல் துறைக்குத் தலைமை ஏற்ற என்.என். சென்குப்தா, வுண்டின் மாணவர் மியூன்ஸ்டர்பெர்க்கிடம் ஹார்வர்டில் படித்தவர்.

ஃபிராய்டு தொடங்கியது உளப்பகுப்பாய்வு, அதாவது மனதின் ஆழத்தில் மறைந்திருப்பதைப் பேச வைத்து வெளிக்கொணரும் முறை. அது சிகிச்சை அறையில் பிறந்தது, ஆய்வுக்கூடத்தில் அல்ல.