கூத்து ஆடுவதைவிடக் கூத்துப் பழகுவது பெரிது

ஊரில் ஒரு காத்தவராயன் கூத்து மேடையேறினால் விடியும்வரை எல்லோரும் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். கழுமரம் ஏறும் காட்சி கனடாவரைக்கும் நேரலையில் போகிறது. அந்தக் கூத்துக்கு முன்னால் கோயில் வீதியில் மாதக்கணக்காக நடந்த பழக்கத்தை, அதாவது ஒத்திகையை, யாரும் படம் எடுப்பதில்லை. அங்கே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாலு பேர் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுகிறார்கள், கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஏசுகிறார், நுளம்பு கடிக்கிறது. அதில் படம் எடுக்க என்ன இருக்கிறது என்றுதான் நினைக்கிறோம். ஆனால் தனிமைக்கு ஏதாவது மருந்து கூத்தில் இருக்கிறதென்றால், அது அந்த நுளம்புக்கடி நேரத்தில்தான் இருக்கிறது.

காத்தவராயனையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆதிக் காத்தான், நடுக் காத்தான், பின் காத்தான் என்று ஒரே பாத்திரத்தை ஒருவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் எடுத்து ஆடுவார். இதனால் ஒரு கூத்துக்குள் எத்தனை வீடுகள் வந்துவிடுகின்றன என்று கணக்குப் பாருங்கள். ஆட வராதவருக்குப் பிற்பாட்டு இருக்கிறது. பாட வராதவருக்குத் திரை இழுக்கும் வேலை இருக்கிறது. அதுவும் முடியாதவர் தேநீர்க் கேத்தலோடு வந்து உட்கார்ந்து, பாட்டில் பிழை பிடிப்பார். அவர்தான் எல்லோரையும்விட முக்கியமான ஆள் என்று அவரே சொல்லிக்கொள்வார். ஒருவர் இரண்டு நாள் வரவில்லையென்றால் "சின்னானை எங்கே காணவில்லை?" என்று கேள்வி வரும். யாராவது சைக்கிளை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுப் படலையில் போய் நிற்பார்கள். கூத்துக்கு வெளியே அதே மனிதர் ஒரு கிழமை வீட்டுக்குள் சுருண்டு கிடந்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். நாங்கள் அக்கறை இல்லாதவர்கள் என்பதல்ல. கேட்பதற்கு ஒரு சாட்டு வேண்டியிருக்கிறது. கூத்து அந்தச் சாட்டைத் தருகிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிராந்தியம் 2019இல் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து, கலைச் செயற்பாடு உடலுக்கும் மனத்துக்கும் துணை செய்கிறது என்று ஓர் அறிக்கை வெளியிட்டது. நல்ல விடயம். ஆனால் எங்களுக்கு அதைவிடக் கிட்டத்தில் பேசியவர் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம். போர் தனிமனிதர்களின் மனத்தை மட்டும் உடைக்கவில்லை, குடும்பத்தையும் சமூகத்தையும் சேர்த்து உடைத்தது என்று அவர் நெடுங்காலமாக எழுதி வந்திருக்கிறார். வன்னி மக்களைப் பற்றியே 2010இல் ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார். உடைந்தது கூட்டாக என்றால், ஆளுக்கொரு மாத்திரை கொடுத்து மட்டும் அதைப் பொருத்திவிட முடியாது.

வன்னியில் தனிமை கொரோனாவோடு வந்ததல்ல. 2009இல் போர் முடிந்தபோது ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் மனிக் பாம் போன்ற முகாம்களில் முட்கம்பிக்குள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தோம். அத்தனை நெருக்கத்திலும் பலர் தனியாகத்தான் இருந்தார்கள். மீள்குடியேறியபோது காணி கிடைத்தது, வீட்டுத்திட்டமும் வந்தது. பழைய அயல்தான் அப்படியே திரும்பவில்லை. பக்கத்து வளவுக்காரர் இப்போது பிரான்சில் இருக்கிறார், அல்லது இல்லை. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படத்தோடு தனியே சமைத்துத் தனியே சாப்பிடும் தாய்மாரை ஒவ்வொரு ஊரிலும் காணலாம். 2020 மார்ச் 20ஆம் திகதி நாடு முழுக்க ஊரடங்கு போட்டபோது கொழும்பில் இருந்தவர்கள் தனிமை என்றால் என்னவென்று எழுதத் தொடங்கினார்கள். இங்கே சிலருக்கு அன்றாடத்தில் பெரிய மாற்றமே தெரியவில்லை.

அந்த ஊரடங்கில் நடந்த இரண்டு விடயங்கள் எனக்கு ஒரு வேறுபாட்டைக் காட்டின. எங்கள் பெடியன்கள் கூத்துப் பழக்கத்தை வாட்ஸ்அப்பில் தொடரப் பார்த்தார்கள். அண்ணாவியார் தன் வீட்டில் பாடினார், இன்னொருவர் தன் வீட்டில் மத்தளம் அடித்தார். சத்தம் வந்து சேர எடுக்கும் அந்த ஒரு கணம் போதும், தாளம் தப்பிவிடும். பிற்பாட்டுக்காரர் வரியைப் பிடிக்கும்போது அண்ணாவியார் அடுத்த வரியில் நிற்பார். சில நாள் சிரித்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள்.

பனையோலையில் பெட்டி, பாய் இழைக்கும் பன்னவேலை அப்படி நிற்கவில்லை. ஓலை வெட்டி வார்ந்து வைத்திருந்த ஆச்சி ஒருவர், கட்டாகக் கட்டி வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தார். அங்கே இருந்த பிள்ளை பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி இழைத்தாள், ஆனால் விளிம்பு கட்ட அவளுக்கு வராது. அது மூன்றாவது வீட்டுக்குப் போனது. அங்கே நாரால் இறுக்கிக் கட்டித் திருப்பி அனுப்பினார்கள். ஆச்சி பெட்டியைக் கையில் வைத்துச் சுற்றிப் பார்த்து, கூர்ப்பக்கத்தை விரலால் அழுத்தி, "பிள்ளை, அடி நெகிழ்ந்து கிடக்கிறது. பிட்டு மா கீழே கொட்டும். அவிழ்த்துவிட்டுத் திரும்ப இழை" என்று வேலிக்கு இந்தப் பக்கமிருந்து சத்தம் போட்டார். அந்தப் பிள்ளைக்கு முகம் சுருங்கியது. ஆனாலும் அடுத்த நாள் காலையில் வேலியடிக்கு வந்தாள்.

எனக்குப் படுவது இதுதான்: ஒருவர் தனியே முடிக்க முடியாத வேலையாக இருக்க வேண்டும். என் பங்கு முடிந்தால்தான் உன் பங்கு தொடங்கும் என்ற நிலை இருக்க வேண்டும். ஆளுக்கொரு வெள்ளைத் தாளும் வண்ணப் பென்சிலும் கொடுத்து "உங்கள் துயரத்தை வரையுங்கள்" என்று சொல்லும் ஒருநாள் பட்டறைகள் பல இந்த ஊர்களுக்கு வந்து போயிருக்கின்றன. பதாகை கட்டி, சோற்றுப்பொதி தந்து, வரைந்ததை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். பக்கத்தில் இருந்தவரின் பெயர்கூடத் தெரியாமல் வீடு திரும்பியவர்கள் உண்டு. இன்றைக்குப் பல ஊர்களில் பெண்கள் கிழமை தவறாமல் வட்டமாகக் கூடுவது நுண்கடன் கட்டும் நாளில்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் பொறுப்பு என்ற கூட்டம் அது. கூடுவதெல்லாம் ஆறுதல் ஆகிவிடாது.

பழைய கலை என்பதற்காக எல்லாவற்றையும் தலையில் தூக்கி வைக்கவும் நான் தயாரில்லை. கூத்தில் பெண் வேடத்தையும் ஆணே கட்டிய காலம் நெடியது. எந்தப் பகுதியார் எந்தக் கோயில் வீதியில் கால் வைக்கலாம் என்ற கணக்கும் இருந்தது, சில இடங்களில் இன்னும் இருக்கிறது. காத்தவராயனின் காதலி ஆரியமாலையை ஒரு பெண்பிள்ளையே ஆடட்டும். பழக்கத்தைக் கோயில் வீதியில்தான் வைக்க வேண்டும் என்றுமில்லை, சனசமூக நிலையத்தில் வைக்கலாம். நித்திரையே இல்லாமல், சாவைப் பற்றியே நினைத்துக்கொண்டிருப்பவரை மத்தளச் சத்தத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தால் போதும் என்றும் யாரும் நினைக்க வேண்டாம். அவருக்கு மாவட்ட வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. கூட்டிக்கொண்டு போங்கள், திரும்பி வந்தபின் பிற்பாட்டில் ஓர் இடம் வைத்திருங்கள்.

துக்கத்தைக் கூட்டாகப் பாடுவது இந்த மண்ணுக்குப் புதிதுமல்ல. யானை கட்டியதாகக் கதை சொல்லும் வேலப்பணிக்கன் மனைவி அரியாத்தைக்காகப் பாடிய வேலப்பணிக்கன் ஒப்பாரி வன்னியின் சொத்து. 2009க்குப் பிறகு சொந்தச் சாவுக்கே வாய்விட்டு ஒப்பாரி வைக்கப் பயந்த காலம் ஒன்று இருந்தது. அதை நினைத்தால்தான் பத்துப் பேர் கூடிச் சத்தமாகப் பாடுவதன் பெறுமதி புரிகிறது.

வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊரவர்கள் "கூத்துக்கு என்ன அனுப்பட்டும்?" என்று கேட்கிறார்கள். தயவுசெய்து இன்னொரு ஒலிபெருக்கித் தொகுதி வேண்டாம், போன முறை அனுப்பியதே மூலையில் கிடக்கிறது. மத்தளத்துக்குத் தோல் மாற்ற வேண்டும். இடப்பெயர்வில் தொலைந்த பாட்டுக் கொப்பிகளுக்குப் பதிலாக, அண்ணாவிமார் இருக்கும்போதே பாடவைத்து எழுதி எடுக்க ஓர் ஆள் வேண்டும். பழக்கம் நடக்கும் மண்டபத்தின் மின்கட்டணம், தூர இருந்து வரும் அண்ணாவியாரின் பஸ் காசு, இரவுக்குச் சீனியும் தேயிலையும். மேடையேற்றத்துக்குச் செலவு செய்ய ஆட்கள் எப்போதும் இருக்கிறார்கள். அதற்கு முந்திய மாதங்களுக்குத்தான் இல்லை. பிரதேச சபையில் வரவு செலவுத் திட்டம் பேசும் உறுப்பினர்கள் யாராவது இதை வாசித்தால், உங்களிடமும் இதையேதான் கேட்கிறேன்.