சிபாவோவுக்கு முன்பும் ஓர் உடை மரபு இருந்தது

சீன உடைகள் பற்றிய உங்கள் கட்டுரை, பெண்கள் உடையான சிபாவோவைச் சீனர்களின் பழம்பெரும் உடை எனக் குறிப்பிடுவதை ஏற்க இயலவில்லை. உயர்ந்த கழுத்துப்பட்டி கொண்ட அவ்வுடை 1920-களில் ஷாங்காய் நகரில் உருப்பெற்று, 1929-இல் சீனக் குடியரசின் உடை விதிகளில் இடம்பெற்றது. 1644-இல் முடிந்த மிங் அரசமரபின் காலம் வரை, சீனாவின் பெரும்பான்மை இனத்தவரான ஹான் மக்கள் அணிந்தது, இடப்பக்கத்தை வலப்பக்கத்தின்மேல் மடித்து இடையில் கச்சை கட்டும் தளர்ந்த அங்கியே. 1972-இல் சீனாவின் சாங்ஷா நகர் அருகே மாவாங்துய் கல்லறையில் கிடைத்த ஈராயிரம் ஆண்டுப் பழமையான மெல்லிய பட்டு அங்கியைப் பாருங்கள்: 128 சென்டிமீட்டர் நீளமும் அகன்ற கைகளும் இருந்தும் அதன் எடை வெறும் 49 கிராம்தான்! 1645-இல், மிங் மரபுக்குப் பின் சீனாவை ஆண்ட மஞ்சு இன ஆட்சியாளர்கள், ஆண்கள் முன்தலையை மழித்துப் பின்னல் வளர்க்க வேண்டும் எனக் கட்டளையிட்டு, தங்கள் உடையையும் திணித்த பிறகே அம்மரபு ஆண்களிடையே மங்கியது. ஹான் பெண்கள் பழைய பாணியைப் பெரிதும் தொடர்ந்தனர். சீன இளைஞர்கள் இன்று ஹான்ஃபூ எனப்படும் அந்தப் பழைய ஹான் உடையை அணிவதன் பின்னணி இதுவே. கட்டுரையில் இதைச் சேர்க்க வேண்டுகிறேன்.