ஜாவாவும் வேண்டாம், ஒரு வரியும் போதாது

எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருளை உபுண்டு லினக்ஸ் கணினியில் நிறுவுவது பற்றி, “எலாஸ்டிக்சர்ச்சுக்கு முதலில் ஜாவா நிறுவுங்கள், பிறகு ‘ஆப்ட் இன்ஸ்டால்’ என்று ஒரு வரிக் கட்டளை, அவ்வளவுதான்” என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு. 7.0 பதிப்பிலிருந்து, அது ஓடத் தேவையான ஜாவா அதனுடனேயே வருகிறது. உபுண்டு 22.04இன் சொந்த மென்பொருள் களஞ்சியத்தில் எலாஸ்டிக்சர்ச் பொதியே கிடையாது. பொதி அசல்தானா என்று சரிபார்க்க உதவும் எலாஸ்டிக் நிறுவனத்தின் கையொப்பச் சாவியையும் அதன் களஞ்சிய முகவரியையும் சேர்த்து, பொதிப் பட்டியலைப் புதுப்பிக்கும் ‘ஆப்ட் அப்டேட்’ கட்டளையைக் கொடுத்த பிறகுதான் கிடைக்கும். நிறுவியதும் தானாக ஓடவும் செய்யாது. சேவைகளைத் தொடங்கவும் நிறுத்தவும் உதவும் ‘சிஸ்டம்சிடிஎல்’ கட்டளை கொண்டு நாம்தான் தொடங்க வேண்டும்.

8ஆம் பதிப்பு முதல், நிறுவும்போதே நிர்வாகக் கணக்கின் கடவுச்சொல் திரையில் வந்து போய்விடும். மதுரை மேலமாசி வீதியில் ஒரு புத்தகக் கடைக்காக நிறுவியபோது, டீக்கிளாஸை வாங்கிய நேரத்தில் அதைக் கோட்டைவிட்டேன். நல்லவேளை, புதிதாக மாற்றிக்கொள்ளத் தனிக் கருவி கூடவே வருகிறது.