பிளேட் ஆர்மர்தான் எல்லோருக்கும் முடிவா?
கதாபாத்திரங்களாக ஆடும் பகடை விளையாட்டுகளில், காசு சேர்ந்ததும் எல்லோரும் பிளேட் ஆர்மருக்குத்தான் (உடல் முழுக்க மூடும் உலோகத் தகட்டுக் கவசம்) போவார்கள், அதனால் கவசத் தேர்வு பெயரளவுக்குத்தான் என்று இந்தக் கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 5ஆம் பதிப்பில் பிளேட் தருவது ஆர்மர் கிளாஸ் (எதிரியின் அடி படாமல் தப்பும் அளவு) 18, விலை 1,500 தங்கக் காசு. டெக்ஸ்டெரிட்டி, அதாவது சுறுசுறுப்பு, 20 உள்ளவர் வெறும் 45 காசு ஸ்டடட் லெதரில் (குமிழ் பதித்த தோல் கவசம்) 17-ஐத் தொட்டுவிடுவார். ஒரே ஒரு புள்ளிதான் வித்தியாசம்! அதைவிடப் பெரிய விஷயம் பதுங்கிப் போவது. பிளேட் போட்டவர் பதுங்க முயன்றால் இரண்டு முறை பகடை உருட்டிக் குறைந்த எண்ணை எடுக்க வேண்டும். நான் பாலடினாக (புனித வீரனாக) ஆடியபோது கோட்டைக்குள் நுழைய எங்கள் குழு மூன்று முறை முயன்றது, மூன்று முறையும் என் கவசச் சத்தத்தால்தான் மாட்டினோம். கடைசியில் 400 காசுக்குப் பிரெஸ்ட்பிளேட் (மார்புக் கவசம்) வாங்கினேன். ஆர்மர் கிளாஸ் 16-ஆக இறங்கியது, ஆனால் அதற்குப் பிறகுதான் திட்டம் போடுவதில் எனக்கும் ஓர் இடம் கிடைத்தது. அப்புறம், கவசம் அடியைத் தவிர்க்கக் கூடாது, சேதத்தைத்தான் குறைக்க வேண்டும் என்று மேலே கருத்தில் ஒருவர் எழுதியிருக்கிறார். சரிதான், 1978-இல் வந்த ரூன்குவெஸ்ட் என்ற விளையாட்டு அப்படித்தான் செய்தது, உடலின் ஒவ்வொரு பாகத்துக்கும் தனிக் கணக்கு வைத்து. எனக்கு அது மிகவும் பிடிக்கும், ஆனால் ஆறு பேர் சண்டை போடும்போது ஒரு சுற்று முடியவே நேரமாகிவிடும்.