அது பாறை இல்லை, ஒருவர் கட்டிய சுவர்

அந்த ரீலைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். இத்தாலியின் சிங்க்வே தெர்ரேக்குப் போன நம் நண்பர்கள் ரெண்டு பேர், சனிக்கிழமை மத்தியானம், கீழே வெர்நாட்ஸா துறைமுகம் தெரிகிற அந்த வளைவு, காலில் ரப்பர் செருப்பு, சுவர் மேல் ஏறி நின்று ஒரு போஸ், சரிந்து உருளும் கற்கள், மேலே தோட்டத்திலிருந்து கத்துகிற பெரியவர். அவர் கத்தலுக்குச் சிரிப்பு எமோஜி வேறு. எல்லோரும் பார்த்திருப்பீர்கள். என்னை எழுத வைத்தது ரீல் இல்லை, அதற்குக் கீழே நம் ஆட்கள் போட்ட கமென்ட்டுகள். "நாலு கல்லுக்கா தாத்தா இவ்ளோ சீன் போடுறாரு?"

நாலு கல் இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

சிங்க்வே தெர்ரே என்றால் மொந்தெரோஸ்ஸோ, வெர்நாட்ஸா, கொர்னீலியா, மனரோலா, ரியோமஜோரே என்று ஐந்து ஊர். இத்தாலியின் லிகூரியா கரையில் மலை செங்குத்தாகக் கடலில் இறங்குகிற இடம். பயிர் வைக்கச் சமதரையே கிடையாது. ஆயிரம் வருடமாக மனிதர்கள் அந்தச் சரிவை வெட்டி, படிப்படியாகக் கல்சுவர் எழுப்பி, பின்னால் மண்ணைக் கொட்டித் திராட்சை வைத்தார்கள். நீங்கள் போட்டோவில் பார்க்கிற பச்சைப் படிகள் முழுக்கக் கையால் செய்தவை. 1997-இல் யுனெஸ்கோ இந்த இடத்தைப் பட்டியலில் சேர்த்தது வண்ண வீடுகளுக்காக மட்டும் இல்லை, இந்தச் சுவர்களுக்காகவும்தான். 2018-இல் சாந்து இல்லாமல் கல் அடுக்கும் கலையையே, இத்தாலி உட்பட எட்டு நாடுகளின் பெயரில், தனியாகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள்.

சாந்து இல்லை என்பதைக் கவனியுங்கள். சிமென்ட் கிடையாது, சுண்ணாம்பு கிடையாது. ஒவ்வொரு கல்லும் கீழே உள்ள ரெண்டு கல் மேல் உட்காரும். சுவர் மொத்தமாக மலைப்பக்கம் கொஞ்சம் சாய்ந்து நிற்கும். முகப்புக் கல்லுக்குப் பின்னால் உடைந்த சிறு கற்களைக் கையால் நெருக்கி அடைத்திருப்பார்கள். மழைத் தண்ணீர் மண்ணிலிருந்து இந்தச் சிறுகல் அடைப்புக்குள் இறங்கி, முகப்பு இடுக்குகள் வழியாக வெளியே கசிந்து போய்விடும். அந்தச் சுவர் நிற்பதே தண்ணீரைத் தேக்காமல் விடுவதால்தான்.

உச்சி வரிசையில் இருப்பவை பெரிய, கனமான கற்கள். கீழே உள்ளதை அழுத்திப் பிடிப்பது அவற்றின் எடை. அதில் ரெண்டு கல் உருண்டால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது. அடுத்த மழையில் மேல்மண் அந்த ஓட்டை வழியாகச் சிறுகல் அடைப்புக்குள் இறங்கும். இடுக்குகள் அடைபடும். வெளியேற வழியில்லாத தண்ணீர் உள்ளிருந்து தள்ளும். சுவர் வயிறு தள்ளிக்கொண்டு நிற்கும். அந்த ஊரில் வயிறு தள்ளிய சுவரைப் பார்த்தாலே தெரியும், அடுத்த பெருமழைக்கு அது தாங்காது என்று. அது விழுந்தால் மண்ணும் கல்லும் கீழ்ப்படியின் மேல் விழும். அதற்குக் கீழே இன்னொரு படி. அதற்கும் கீழே ஊர்.

2011 அக்டோபர் 25 என்று தேடிப் பாருங்கள். சில மணி நேரத்தில் கொட்டிய மழையில் வெர்நாட்ஸாவின் ஒரே பெரிய தெரு நாலு மீட்டர் உயரத்துக்குச் சேற்றில் புதைந்தது. அந்த ஊரில் மட்டும் மூன்று பேர் செத்தார்கள். மழைதான் காரணம், மறுக்கவில்லை. ஆனால் ஆளில்லாமல் கைவிடப்பட்ட படிகள் சரிந்து, அந்த மண்ணும் கல்லும் மரமும் வெள்ளத்தோடு சேர்ந்து ஊருக்குள் வந்தன. ரீலில் நம் நண்பர்கள் நின்றது அதே வெர்நாட்ஸாவுக்கு மேலே. அந்தப் பெரியவர் ஏன் கத்தினார் என்று இப்போது கேளுங்கள்.

விழுந்த சுவரை எழுப்புவதும் லேசில்லை. சரிந்த இடத்தை அடிவரை பிரிக்க வேண்டும். கற்களை அளவுவாரியாகத் தரம் பிரித்து, பெரியதை அடியில் பதித்து, ஒவ்வொன்றையும் ஆடாமல் உட்காருகிறதா என்று திருப்பித் திருப்பி வைத்துப் பார்க்க வேண்டும். கைப்பழக்கம் உள்ளவரே ஒரு நாளில் ஓரிரு சதுர மீட்டர்தான் முடிப்பார். வண்டி போகாத சரிவு. திராட்சைப் பெட்டிகளைத் தூக்க ஒற்றைத் தண்டவாளத்தில் பல்சக்கரம் வைத்து ஏறுகிற சின்ன வண்டி சில இடங்களில் இருக்கிறது. மற்ற இடங்களில் முதுகுதான்.

"டிக்கெட் வாங்கித்தானே போனாங்க?" என்று ஒருவர். வாங்கியிருக்கலாம். மொந்தெரோஸ்ஸோ–வெர்நாட்ஸா–கொர்னீலியா கடலோரப் பாதைக்கு டிரெக்கிங் கார்டு வேண்டும். கூட்டமில்லாத நாளில் 7.50 யூரோ, நெரிசல் நாளில் 15 வரை போகிறது. அது பாதையில் நடக்கக் கொடுக்கிற காசு. சுவரில் ஏற யாரும் டிக்கெட் விற்கவில்லை. பாதையே பல இடங்களில் ஒருவர் தோட்டத்தின் வரப்பு. நடக்க விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

"ரயிலுக்கும் அநியாய விலை வைக்கிறாங்களே" என்பதில் நியாயம் இருக்கிறது. ஐந்து ஊர்களுக்கும் இரு முனையில் உள்ள லா ஸ்பெட்ஸியா, லெவந்தோ இடையே ஓடுகிற சிங்க்வே தெர்ரே எக்ஸ்பிரஸில் ஒரு பயணத்துக்கு, அது அடுத்த ஊருக்கே ஆனாலும், நாளைப் பொறுத்து 10 யூரோ வரை கேட்கிறார்கள். நம் ஊரிலிருந்து படிக்க வந்த பிள்ளைகளுக்கு அது கனம்தான். ஆனால் அந்தக் கோபத்தைத் தோட்டக்காரர் மேல் காட்டுவானேன்?

"அப்ப யாருமே போகக் கூடாதா?" போங்கள். நண்பனோடு வார இறுதிக்குப் போக அருமையான இடம். எப்படிப் போவது என்றும் சொல்கிறேன், ஏனென்றால் பாதித் தப்பு 'ஒரே நாளில் அஞ்சு ஊர்' என்ற திட்டத்திலேயே ஆரம்பிக்கிறது. ஊருக்கு ஊர் ரயிலில் சில நிமிடம்தான், அதனால் முடியும் என்று தோன்றும். ஆனால் கோடைச் சனிக்கிழமை பதினோரு மணிக்கு நடைமேடையில் கால் வைக்க இடமிருக்காது, ஏறுவதற்குள் ஒரு வண்டி போய்விடும். கொர்னீலியா ஸ்டேஷன் கீழே, ஊர் கடலுக்கு நூறு மீட்டர் மேலே, நடுவில் 382 படி. மினி பஸ் உண்டு, அதற்கும் வரிசை. இப்படி நேரம் போன பிறகு பாதையில் அவசரம், எதிரே கூட்டம், ஒதுங்க இடமில்லை, கால் தானாகச் சுவர் விளிம்புக்குப் போகும். சுவர்கள் இப்படியும் உடைகின்றன, போஸ் கொடுப்பதால் மட்டும் இல்லை.

வெள்ளி இரவே லெவந்தோவிலோ லா ஸ்பெட்ஸியாவிலோ தங்கிவிடுங்கள், ஐந்து ஊர்களை விட வாடகை குறைவு. சனிக்கிழமை விடிந்ததும் மொந்தெரோஸ்ஸோவில் இறங்கி வெர்நாட்ஸாவுக்கு நடங்கள். மூன்றரை கிலோமீட்டர்தான், ஆனால் ரெண்டு மணி நேரம் ஆகும். மொந்தெரோஸ்ஸோ பக்கம் முதலில் மூச்சு வாங்கும் படிக்கட்டு. ஒவ்வொரு படியும் ஒவ்வொரு உயரம், தேய்ந்த கல், ரப்பர் செருப்பு வழுக்கும். செருப்போடு ஏறினால் 50 முதல் 2,500 யூரோ வரை அபராதம் என்று 2019-இலேயே அறிவித்தார்கள். கணுக்கால் பிசகியவர்களைத் தூக்கிக்கொண்டு வர மீட்புக் குழு அலுத்துப்போன பிறகு வந்த விதி அது. சில விடுமுறை நாட்களில் இந்தத் துண்டு ஒருவழிப் பாதை, கிளம்புமுன் சிங்க்வே தெர்ரே தேசியப் பூங்காவின் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். ஆரஞ்சு, சிவப்பு மழை எச்சரிக்கை இருந்தால் பாதை மூடியிருக்கும். தடுப்பைத் தாண்டாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை மனரோலாவிலிருந்து பஸ்ஸில் மேலே வொலாஸ்த்ரா என்ற சிற்றூர். அங்கிருந்து தோட்டங்களுக்கு ஊடே கொர்னீலியாவுக்கு நடந்து இறங்கலாம். இந்த மேல்பாதைக்குக் கார்டு கூட வேண்டாம். இடது கையில் கடல், வலது கையில் உங்கள் தோள் உயரத்துக்கு அந்தச் சுவர். கிட்டே போய்ப் பாருங்கள், தொடாமல். இடுக்குகளில் பாசி, நடுநடுவே புதிதாக அடுக்கிய வெளிறிய கல், அதற்குப் பின்னால் நகத்தளவு சில்லுகள். யாரோ போன குளிர்காலத்தில் கட்டியது என்று பார்த்தவுடன் தெரியும்.

ரியோமஜோரே–மனரோலா இடையிலான வியா தெல் அமோரே என்ற கடலோர நடைபாதை ஒரு கிலோமீட்டர் கூட இல்லை. 2012-இல் பாறை விழுந்து நாலு சுற்றுலாப் பயணிகளுக்கு அடிபட்டது. மூடியதைத் திறக்க 2024 வரை ஆயிற்று. முன்பதிவு, தனிக் கட்டணம், குறித்த நேரம். கிடைத்தால் போங்கள், கிடைக்காவிட்டால் பெரிய நஷ்டமில்லை. ரயில் வேலைநிறுத்தம் இருக்கிறதா என்று மட்டும் கண்டிப்பாகப் பாருங்கள். வேலைநிறுத்தத்திலும் காலை 6–9, மாலை 6–9 கட்டாயம் ஓடும் வண்டிகள் வேலைநாளுக்குத்தான். ஞாயிறு, விடுமுறை நாட்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒருவர் வருவார் என்று தெரியும். "வெள்ளைக்காரன் சுவருக்கு இவ்வளவு உருகுறியே" என்று. அதை ஏற்கெனவே எழுதிவிட்டார்கள், படித்தேன், வலித்தது. அந்தப் பெரியவர் நம் நாட்டை ஆட்சி செய்தவர் இல்லை. பக்கத்துத் தோட்டங்களில் பாதி காடாகிவிட்டது. பிள்ளைகள் சரிவில் மூட்டை தூக்க விரும்பாமல் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். இருக்கிற கொஞ்சம் திராட்சையை மாதக்கணக்கில் நிழலில் உலர்த்தி 'ஷக்கெத்ரா' என்ற இனிப்பு வைன் செய்கிறார்கள். உலர்ந்து பிழிந்த பிறகு பழத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்கு கூடத் தேறுவது கஷ்டம். அரை பாட்டில் விலையைப் பார்த்துவிட்டு 'கொள்ளை' என்பதும் நம் ஆட்கள்தான். அந்த விலையில் சுவர் கட்டுகிற கூலியும் இருக்கிறது.

வயதான ஒரு விவசாயி தன் நிலத்தில் நின்று "இறங்கு" என்று கத்துகிறார். மொழி புரியாவிட்டாலும் கை அசைப்பது புரியாதா? அதைப் போய் மீம் ஆக்கத் தோன்றுகிறதே, அதுதான் எனக்கு ஆறவில்லை. கல்லை விடுங்கள். ஒரு மனிதன் பதறுவதைப் பார்த்துச் சிரிக்கிறோம்.

அந்த ரெண்டு தம்பிகளுக்கும் என் மேல் கோபம் இருக்கலாம். உங்களைத் திட்ட இதை எழுதவில்லை. ரீலை நீக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் அதே வளைவில் அதே போஸ் கொடுக்க அடுத்த சனிக்கிழமை இன்னும் பத்துப் பேர் கிளம்புவார்கள். இடம் உங்களுக்குத் தெரியும், எந்தச் சுவர் என்று தேதியோடு தேசியப் பூங்கா அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். இலையுதிர் மழைக்கு முன்னால் யாராவது போய்ப் பார்க்க முடியும்.

பயணம் பற்றிச் சந்தேகம் இருப்பவர்கள் கமென்ட்டில் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். "நாலு கல்லுதானே" என்று மறுபடி எழுத வருபவர்கள் என் நட்புப் பட்டியலில் இருக்க வேண்டாம்.