செங்கோட்டைக்குள் நிற்கும் அந்த மாடிக் கட்டடங்கள் யாருடையவை?

'டெல்லி செங்கோட்டைக்குள் இருக்கும் மாடிக் கட்டடங்கள் ஷாஜகான் தன் வீரர்களுக்காகக் கட்டியவை. 1947 ஆகஸ்ட் 15 அன்றே ராணுவம் காலி செய்துவிட்டது' என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

கோட்டை ஷாஜகானுடையது, 1648-இல் கட்டி முடிந்தது. அது சரி. ஆனால் அந்தக் கட்டடங்கள் ஆங்கிலேயர் கட்டிய ராணுவக் குடியிருப்புகள். 1857 கிளர்ச்சியை அடக்கிய கையோடு, உள்ளே இருந்த அரண்மனைகளில் பெரும்பகுதியை இடித்துத் தள்ளினார்கள். தோட்டங்களையும் விடவில்லை. காலியான இடத்தில்தான் இவை எழும்பின. நேரில் பார்த்தாலே புரியும்: திவான்-இ-காஸ் (மன்னரின் தனி அவை மண்டபம்) வெள்ளைப் பளிங்கில், பூவேலைப்பாட்டோடு நிற்கிறது, இவற்றிலோ நீள நீளமான வராந்தா, வரிசையாக வளைவுகள், அவ்வளவுதான். முகலாயக் கைவண்ணம் எங்கே தெரிகிறது?

1945-இல் நேதாஜி தலைமை தாங்கிய இந்திய தேசிய ராணுவத்தின் ஷா நவாஸ் கான், பிரேம் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லோன் மூவர் மீதான விசாரணையும் இந்தக் கோட்டைக்குள்தான் நடந்தது. நேரு பல வருடம் கழித்து வக்கீல் கவுனைப் போட்டது அந்த வழக்குக்காகத்தான்.

அப்புறம் அந்த 1947 கதை. ஆங்கிலேயர் போனதும் இந்திய ராணுவம் அங்கேயே இருந்தது. தொல்லியல் துறையிடம் அது கோட்டையை ஒப்படைத்தது 2003 டிசம்பரில். (நேரு அங்கே முதலில் கொடியேற்றியதும் ஆகஸ்ட் 16-இல்தான், 15-இல் அல்ல.)

2019 ஜனவரியில் அந்தக் குடியிருப்புகள் சிலவற்றில் அருங்காட்சியகங்கள் திறக்கப்பட்டன. நேதாஜிக்கும் அவர் படைக்கும் ஒன்று, ஜாலியன்வாலா பாக்குக்கு ஒன்று, 1857-க்கும் ஒன்று.